கடலாய்வுரை அரங்கேறும் வகை

நூலொன்றை இயற்றிய புலவர் அதனைத் தம் மனையகத்தே பூட்டி வைத்துப் போற்றுதல் பண்டைத் தமிழ் வழக்கன்று. கற்றோர் குழுமிய அவையில் அவர் அதனை அரங்கேற்றுவார். அவையோர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறுவார். குற்றம் காட்டப்படின் களைவார். அதன் பின்னரே அது நூலென வழங்கும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவைக்களத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகின்றது. இக்காலத்து அறிவியலாரும் இம்முறையினின்று பெரிதும் வேறுபட்டவரல்லர். ஆயின், அவர்தம் அவை ஒரு மண்டபத்திற் கூடுவதில்லை. உலகின் பல நாடுகளில் தத்தம் அறையில் இருந்தவாறே படித்துக் கருத்துரைக்கும் அறிஞர்களே அவ்வவையோர். அவர்களைக் கூட்டுவிப்பது ஆய்விதழ் என்னும் வெளியீடு. கடலை ஆராய்ந்த ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாக்கி, ஆய்விதழ் ஒன்றுக்கு விடுத்து, அஃது ஏற்கப்பெறும் வரையில் நிகழ்வன யாவை என்பதை இப்பாடத்திற் காண்போம்.

இதனை விளக்குதற்குத் தக்கதோர் இடம் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கொசத்தலையாறு கடலொடு கலக்கின்றது. அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர், அனல்மின் நிலையங்களையும், 2001-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணூர்த் துறைமுகத்தையும், அதனை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும், கடல்நீரைக் குடிநீராக்க 2010-இல் தொடங்கப்பெற்ற நிலையத்தையும் காண்பர். அவற்றுக்கு அப்பால் விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் கலந்த உவர்நீர்ப் பரப்பு அது. இத்தகைய ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரியது. ஏரியின் மேற்கே உள்ள நிலப்பகுதியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் புகைபோக்கிகளை உயர்த்தி நிற்கின்றன. மீன்பிடித் தொழிலும் ஆலைத் தொழிலும் ஒரே நிலத்தில், ஒரே நீரை அடுத்து வாழ்கின்றன.

முன்போல் இறால் படுவதில்லை என்பர் ஏரிக்கரை மீனவர். ஆலைக்கழிவே காரணம் என்பார் சிலர். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதே காரணம் என்பார் சிலர். மழை பொய்த்ததே காரணம் என்பார் வேறு சிலர். மூன்றும் உண்மையாதல் கூடும். மூன்றும் பிழையாதலும் கூடும். உரத்த குரலால் இவ்வழக்குத் தீராது. அளந்து, எழுதி, பிறர் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே ஒருவாறு தீரும்.

அளந்ததை எழுதி வெளியிடாவிடின் என்ன கேடு? இதற்கு விடையாக இக்கடற்கரையிலேயே இரு நிகழ்ச்சிகள் உள்ளன. 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் தெற்கே சென்னை நகரத்துக் கடற்கரைகள் வரையில் ஒதுங்கியது. பாறைகளின்மேற் படிந்த கசட்டை ஆடவரும் பெண்டிரும் வாளிகொண்டு அள்ளினர். 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, படகுகளையும் வலைகளையும் கறையாக்கியது. இவ்விரு வேளையிலும் எழுந்த வினா, கேடு எவ்வளவு என்பதே. அதனை அறிய வேண்டுமாயின், கேடு நேர்வதற்கு முன்னர் அந்நீரும் சேறும் அவற்றில் வாழ் உயிர்களும் எந்நிலையில் இருந்தன என்பது தெரிதல் வேண்டும். அம்முன்னை நிலையைச் சான்றோடு கூறவல்லவை, அக்காலத்தில் எவரோ பொறுமையாக அளந்து ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைகளே. ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டிலேயே கிடந்து செல்லரித்துப்போன அளவைகள் அந்நாளில் எவர்க்கும் துணை நிற்கமாட்டா.

ஆய்விதழ் தோன்றிய நாள்தொட்டே கடலுக்கு அதில் இடமுண்டு. இலண்டன் அரசக் கழகத்தின் செயலாளராயிருந்த என்றி ஓல்டன்பர்க்கு என்பார் 1665-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இதழைத் தொடங்கினார். அறிவியலுக்கென வெளிவந்த மிகப் பழைய இதழ்களுள் அஃது ஒன்று, இன்றும் வெளிவருகின்றது. அதன் முதல் தொகுதியிலேயே நெடுந்தொலைவு செல்லும் மாலுமிகளுக்கு அறிவுரைகள் அச்சிடப்பெற்றன. கடலின் ஆழம், நீரின் உப்பு, அலையேற்றம், காற்று ஆகியவற்றை எவ்வாறு நோக்கிக் குறித்துவர வேண்டும் என்பன அவை. நம் நாட்டிலும், மண்டபத்தில் 1958-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல் உயிரியற் கழகம் அடுத்த ஆண்டே தன் ஆய்விதழைத் தொடங்கியது. 1972-இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் கடலறிவியலுக்கென மற்றோர் இதழை வெளியிட முற்பட்டது.

கடலைப் பற்றி எழுதித் தமிழர் ஒருவர் உலகத்தை வியக்கச் செய்த கதை இவ்விடத்திற் கூறத்தக்கது. அவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே, 1906-இல், அவர் எழுதிய கட்டுரை இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. 1921-ஆம் ஆண்டு, ஆக்சுபோர்டு நகரில் நிகழ்ந்த பல்கலைக்கழக மாநாட்டிற் கலந்துகொண்டு, ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் அவர் தாயகம் திரும்பினார். நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நிறம் நீருக்கு உரியதன்று, வானத்தின் நீலமே நீரிற் பட்டுத் தெறித்துத் தோன்றுகின்றது என்று இரேலி பெருமகனார் கூறியிருந்தார். இரேலி நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். அவர் சொல்லை மறுப்பார் அரியர். இராமன் மறுத்தார். ஆனால் வாயால் மறுத்தாரல்லர்.

அவரிடம் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு படிகக் கருவி இருந்தது. நீர்ப்பரப்பில் ஒரு குறித்த கோணத்தில், அதாவது செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில், தெறித்து வரும் ஒளியை அப்பட்டகத்தைத் திருப்பி முற்றிலும் மறைத்துவிடலாம். கடலின் நீலம் தெறித்த வானொளியே யாயின், பட்டகத்தைத் திருப்பியவுடன் கடல் கறுத்துத் தோன்றுதல் வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை, நீலம் முன்னினும் செறிந்து விளங்கிற்று. நிறம் நீரினுள்ளிருந்தே வருகின்றது என்பது தெளிவாயிற்று. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது, செப்டம்பர் 26 என நாளிட்டு, ‘நேச்சர்’ என்னும் ஆய்விதழுக்குச் சுருங்கிய கடிதமொன்றை அவர் விடுத்தார். நவம்பர் 17-இல் அது வெளிவந்தது. அவ்வளவில் அவர் அமைந்தாரல்லர். கல்கத்தாவில் நீர் ஒளியைச் சிதறச் செய்வதனை அளந்து, கணக்கிட்டு, விரிவான கட்டுரையொன்றை அரசக் கழகத்தின் இதழில் 1922-இல் வெளியிட்டார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுதலே அந்நிறத்திற்குப் பெரிதும் காரணம் என்பது இன்றைய அறிஞர் துணிபு. எனினும், அந்நீலம் வானத்தின் தெறிப்பு மட்டுமன்று எனப் பட்டகத்தாற் காட்டிய பகுதி அசையாது நிற்கின்றது. எப்படி நோக்கினார் என்பதை மறையாது எழுதியமையால், பின்வந்தோர் அவர் கூற்றிற் கொள்வதைக் கொண்டு, கூட்டுவதைக் கூட்ட முடிந்தது.

இனி, பழவேற்காட்டுக்கு மீள்வோம். முகத்துவாரம் மணலால் அடைபட்ட காலத்திலும் திறந்திருக்கும் காலத்திலும் ஏரிநீரின் உவர்மை எவ்வாறு மாறுகின்றது என்பதனை ஓராண்டுக் காலம் அளந்தறிந்த ஆய்வாளர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். உவர்மையாவது நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவு. பெருங்கடலில் ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆறு கலக்குமிடத்தில் இது குறையும். வெயிலில் நீர் வற்றுமிடத்தில் மிகும். இறாற் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர்பவை யாதலின், முகத்துவாரத்தின் நிலையும் நீரின் உவர்மையும் மீனவர் வாழ்வோடு பிணைந்தவை.

அவ்வாய்வாளர் எழுதுகோலை எடுப்பதற்கு முன் செய்யத்தக்கது, தமக்கு முன்னர் இவ்வேரியைப் பற்றி எழுதியோர் யாவர், என் கூறினர் என்று தேடிப் படித்தல். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நம் இலக்கணிகள் வகுத்தனர். வழிநூல் செய்வோன் முதல்நூலை அறியாதிருத்தல் எங்ஙனம் கூடும்? முன்னோர் கூறியதையே தாம் புதிதாய்க் கண்டதுபோற் கூறுதல் அறியாமையாற் செய்யினும் இழுக்கு. அறிந்து செய்யின் களவு. எனவே கட்டுரையின் முன்னுரை, இதுகாறும் அறியப்பட்டது இது, அறியப்படாதது இது, இக்கட்டுரை விடை தேடும் வினா இது என்று மூன்றையும் சுருங்கக் கூறுதல் வேண்டும். கடலின் பெருமையை இரண்டு பக்கம் வருணித்துத் தொடங்கும் முன்னுரைகளைப் பதிப்பாசிரியர்கள் பொறுப்பதில்லை. அவர்கள் பொறாமை நியாயமே.

அடுத்து வருவது செய்முறைப் பகுதி. படிப்போர் பலர் இதனைத் தாண்டிச் செல்வர். எழுதுவோர் பலர் இதனை விரைந்து முடிப்பர். உண்மையில் கட்டுரையின் உயிர்நிலை இதுவே. ஆய்வாளர் எங்கெங்கே நீர் எடுத்தார்? முகத்துவாரத்தின் அருகில் என்று எழுதினால் போதாது. முகத்துவாரம் இடம் மாறும் இயல்புடையது. பழவேற்காட்டூர் வடக்கு அகலாங்கு 13 பாகை 25 கலையை ஒட்டியது; அதுபோல ஒவ்வோர் அளவிடத்துக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் குறிக்கப்படல் வேண்டும். எந்நாளில், எந்நேரத்தில் எடுத்தார்? கடல் ஏற்றத்திலா, வற்றத்திலா? மேல்நீரையா, அடிநீரையா? கனமான உவர்நீர் கீழும் இலேசான நன்னீர் மேலுமாக நிற்கக்கூடுமாதலின், ஆழம் கூறாத உவர்மை அளவை ஊர் பெயரில்லாத முகவரி போன்றது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டுள்ளமையின், ஆங்கு நீரும் சேறும் எடுக்க வனத்துறையின் இசைவு பெற்றதையும் குறித்தல் முறை.

எக்கருவியால் அளந்தார் என்பதும் வேண்டும். முற்காலத்தில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீரிலுள்ள குளோரைடை அளந்து, அதிலிருந்து உவர்மையைக் கணக்கிட்டனர். சாலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொணர்ந்த நீரில் 77 குப்பிகளைத் திட்மார் என்னும் வேதியியலார் பகுத்துப் பார்த்தார். உப்பின் மொத்த அளவு கடலுக்குக் கடல் வேறுபட்டாலும், அதில் அடங்கிய பெரும்பகுப்புகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் பெரிதும் மாறவில்லை என்பதை அவர் 1884-இல் நிறுவினார். ஒன்றை அளந்து முழுமையை அறியலாம் என்னும் துணிவு இதனாற் பிறந்தது. இக்காலத்தில் நீரின் மின்கடத்து திறனை அளந்தே உவர்மையை அறிகின்றனர். 1978-இல் வகுத்த அளவுகோலின்படி அது அலகில்லாத வெறும் எண். 2010-இல் உலகக் கடலியலார் ஏற்ற முறையிலோ கிலோகிராமுக்கு இத்தனை கிராம் என்று கூறப்படும். இவ்விரண்டனுள் எதனைக் கையாண்டார் என்று ஆய்வாளர் சொல்லாவிடின், முப்பதாண்டு கழித்து அவ்வெண்ணை எடுப்பவர் இடர்ப்படுவர். கருவி மெய் கூறுகின்றதா என்பதை, உவர்மை முன்னரே துல்லியமாக அறியப்பட்ட அளவைநீரைக் கொண்டு சோதித்ததையும் எழுதுதல் வேண்டும். தட்டானுக்கு உரைகல் எப்படியோ, கடலாய்வாளருக்கு அளவைநீர் அப்படி.

கண்டதும் கருதியதும் வெவ்வேறு பகுதிகளில் நிற்றல் நன்று. இன்ன திங்களில், இன்ன இடத்தில் உவர்மை இவ்வளவு என்பது கண்டது. முகத்துவாரம் அடைபட்டமையால் அவ்வாறாயிற்று என்பது கருதியது. முன்னது முடிவுகள் என்னும் பகுதிக்கும், பின்னது ஆய்வுரைப் பகுதிக்கும் உரியன. இவற்றை மயங்க வைத்தால், படிப்போர் எதனை ஏற்பது, எதனை ஐயுறுவது என அறியார். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆலையின் அருகே ஓரிடத்தில் ஓர் உலோகத்தின் அளவு மிகுந்திருப்பதைக் கண்டவர், ஆலையே அதனை விடுத்தது என எழுதிவிடுதல் எளிது. ஆனால் அச்சேற்றில் இயல்பாகவே அவ்வுலோகம் எவ்வளவு உண்டு, ஆறு மேலிருந்து கொணர்ந்தது எவ்வளவு, படகுகளின் எண்ணெயும் வண்ணப்பூச்சும் சேர்த்தது எவ்வளவு என்பவற்றைப் பிரித்துக் காட்டாதவரையில் அஃது ஐயமே. தொழிலாளர் பிழைப்பும் மீனவர் பிழைப்பும் ஒருங்கே தொங்கும் இடத்தில், ஐயத்தைத் துணிபாக எழுதுதல் இருசாரார்க்கும் தீங்கு. துணிந்ததை அச்சத்தால் ஐயமாக எழுதுதலும் அத்தகையதே.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென்று நன்னூலார் வகுத்தார். அவற்றை ஆய்வுக் கட்டுரையின்மேல் வைத்துப் பார்த்தால் பெரிதும் பொருந்துவது வியப்பே. அளவிடங்கள் பத்து என்று கூறி ஒன்பதின் அளவையே தருதல் குன்றக் கூறல். கருவி 34.7 என்று காட்ட, கணக்குப்பொறி உமிழ்ந்தவாறே 34.7126 என்று எழுதுதல் மிகைபடக் கூறல். அக்கருவிக்கு அவ்வளவு நுண்மை இல்லை. சுருக்கத்தில் உவர்மை உயர்ந்தது என்றும் அட்டவணையில் தாழ்ந்தது என்றும் தோன்றினால் அது மாறுகொளக் கூறல். உவர்மையைப் பற்றிய கட்டுரையில் ஒல்லாந்தர் கோட்டையின் வரலாற்றை எழுதுதல், பழவேற்காட்டைக் கண்ட எவர்க்கும் எழும் ஆசைதான் என்றாலும், மற்றொன்று விரித்தலாம்.

படங்களைப் பற்றி ஒரு சொல். அளவிடங்களைக் காட்டும் நிலப்படத்தில் திசைக்குறியும் அளவுகோலும் அகலாங்கு நெட்டாங்குகளும் இருத்தல் வேண்டும். வரைபடத்தின் இரு அச்சுகளிலும் எதன் அளவு, எந்த அலகு என்பது எழுதப்படல் வேண்டும். கட்டுரையைக் கையிலெடுக்கும் அறிஞர் பலரும் முதலிற் புரட்டுவது படங்களையே.

தலைப்பும் சுருக்கமும் முதலில் அச்சாவன. ஆயினும் இறுதியில் எழுதத்தக்கவை. நூலாசிரியன் பெயர், நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைப் பாயிரத்தில் வைத்த நம் மரபை இங்கு நினைக்கலாம். ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலும் ஆசிரியர் பெயர்களும், அவர்கள் பணிபுரியும் நிறுவனமும், பொருளைத் தெளிவாகக் கூறும் தலைப்பும், ஏறத்தாழ 200 அல்லது 250 சொற்களில் வினாவும் வழியும் விடையும் அடங்கிய சுருக்கமும் அமைகின்றன. சுருக்கத்தை மட்டுமே படித்துவிட்டு அப்பாற் செல்வோர் மிகப் பலராதலின், அதில் விடையை ஒளித்து வைத்தல் பேதைமை.

ஆசிரியர் எனப் பெயர் பெறுதற்கு உரியார் யார்? ஆய்வைத் திட்டமிட்டவர், அளந்தவர், கணக்கிட்டவர், எழுதியவர் ஆகியோரே. துறைத்தலைவர் என்னும் ஒன்றே காரணமாக ஒருவர் பெயரைச் சேர்த்தலும், வெயிலில் நின்று உழைத்த இளைஞர் பெயரை விடுத்தலும் நேர்மையன்று. பொருளுதவியவர், கருவி ஈந்தவர் ஆகியோர்க்கு நன்றியுரைப் பகுதியில் இடமுண்டு. முகத்துவாரத்தின் மணல்திட்டு எந்தத் திங்களில் எங்கே எழும் என்பதைத் தன் தோணியிலிருந்தே சுட்டிக்காட்டிய மீனவர்க்கும் அங்கு இடம் அளித்தல் தகும். அவர் அளித்தது கூலிக்குப் படகு மட்டுமன்று.

கட்டுரை முடிந்தது, எவ்விதழுக்கு விடுப்பது? பெருங்கடலின் ஆழ்நீரோட்டங்களைப் பற்றிய இதழுக்கு ஏரியின் உவர்மைக் கட்டுரையை விடுத்தால், பதிப்பாசிரியர் பிறரிடம் அனுப்பாமலே திருப்பிவிடுவார். கழிமுகங்களையும் கரையோர நீரையும் பற்றி எழுதும் இதழே ஏற்றது. இதழின் நோக்கத்தையும், அண்மையில் அஃது வெளியிட்டவற்றையும் படித்தறிதல் வேண்டும். சில இதழ்கள் படிப்போரிடம் பணம் பெறும். சில, எவரும் விலையின்றிப் படிக்க விட்டு, எழுதுவோரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் பெறும். இவ்விரண்டும் முறையான வழிகளே.

முறையற்றதும் ஒன்றுண்டு. புகழுரை மலிந்த மின்னஞ்சல் ஒன்று வரும். தங்கள் அரிய கட்டுரையை அனுப்புக, சில நாளில் வெளியிடுவோம், கட்டணம் இவ்வளவு என்று அதில் இருக்கும். அத்தகைய போலி இதழ்களில் அவை இல்லை, ஆய்வோர் இல்லை; பணம் ஒன்றே தகுதி. பட்டமும் பதவியும் விரைந்து வேண்டும் இளைஞர் பலர் இவ்வலையில் வீழ்ந்தனர். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் நல்ல இதழ்களுக்கெனப் பட்டியலொன்றை அமைத்துப் பேணி, 2025-இல் அதனைக் கைவிட்டது. இன்று தேர்ந்தறியும் பொறுப்பு ஆய்வாளரையும் அவர்தம் நிறுவனத்தையும் சார்ந்தது. போலி இதழில் வெளியான கட்டுரையில் அளவைகள் மெய்யாகவே இருப்பினும், நாளை வழக்கு மன்றத்தில் அதனைச் சான்றாக நீட்டுவோர்க்குத் தலைகுனிவே எஞ்சும்.

ஒவ்வோர் ஆய்விதழும், தனக்கு எழுதுவோர் எவ்வாறு எழுதல் வேண்டும் என்று விதிகளை வெளியிட்டுள்ளது. வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, மேற்கோள் நூல்களை எம்முறையில் அடுக்குவது, படங்களை எவ்வளவு தெளிவோடு தருவது என்றெல்லாம் அவ்விதிகள் கூறும். இவை அற்பமானவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் விதியைப் படிக்கும் பொறுமை இல்லாதவர் அளவையைப் படிக்கும் பொறுமை உடையவராக இருந்திருப்பாரா என்று பதிப்பாசிரியர் ஐயுறுதல் இயல்பே. முற்காலத்தில் மூன்று படிகளைத் தட்டச்சு செய்து தபாலில் விடுத்தனர். இப்பொழுது இதழின் இணையதளத்தின் வழியாக எல்லாவற்றையும் அனுப்புகின்றனர். உடன் ஒரு கடிதமும் செல்லும். கட்டுரை கூறும் புதிய செய்தி யாது, அஃது அவ்விதழுக்கு ஏன் ஏற்றது என்பவற்றை அக்கடிதம் கூறும். இக்கட்டுரை வேறெங்கும் வெளிவரவில்லை, வேறெவ்விதழின் ஆய்விலும் இல்லை என்னும் உறுதியையும் அளிக்கும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ஈரிதழ்களுக்கு விடுத்தல், ஒரு பெண்ணுக்கு இரு வீட்டில் நிச்சயதாம்பூலம் மாற்றுவது போன்றது.

பதிப்பாசிரியர் கட்டுரையை முதற்கண் தாமே நோக்குவார். பிறர் எழுத்து களவாடப்பட்டுள்ளதா என்பதைக் கணிப்பொறியைக் கொண்டு சோதிப்பர். தகுதியுடையதெனத் தோன்றின், அப்பொருளில் வல்ல இருவர் அல்லது மூவருக்கு அஃது அனுப்பப்படும். அவர்களே மதிப்பீட்டாளர். அவர்கள் பெயர் பெரும்பாலும் ஆசிரியர்க்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சில இதழ்களில் ஆசிரியர் பெயரும் அவர்களுக்கு மறைக்கப்படும். இப்பணிக்கு அவர்கள் ஊதியம் பெறுவது அரிது. தம் கட்டுரையைப் பிறர் ஆராய்ந்து தந்த கடனை, இவ்வாறு பிறர் கட்டுரையை ஆராய்ந்து தீர்க்கின்றனர். விடை வரச் சில திங்கள் ஆகும். அதுவரை பொறுத்தல் வேண்டும்.

வரும் விடை, அப்படியே ஏற்கின்றோம் என்று இருப்பது மிக அரிது. சிறு திருத்தம் வேண்டும் என்றோ, பெருந்திருத்தம் வேண்டும் என்றோ, ஏலாது என்றோ இருக்கும். மதிப்பீட்டாளரின் சொற்கள் சிலபோது கூர்மையாகவே இருக்கும். நம் ஆய்வாளர்க்கு இப்படி ஒரு வினா வந்ததெனக் கொள்வோம்: முகத்துவாரம் அடைபட்ட திங்களில் மழையும் இல்லை, அவ்வாறாக, உவர்மை மிகுந்தது அடைப்பினாலா, வெயிலினாலா? இது நல்ல வினா. சினந்து பயனில்லை. வானிலைத் துறையின் மழையளவைப் பெற்று, நீர் ஆவியாகும் அளவைக் கணக்கிட்டு, இரண்டன் பங்கையும் பிரித்துக் காட்ட முயலுதல் வேண்டும். முயன்றும் பிரிக்க இயலாவிடின், இவ்வளவைகளைக் கொண்டு பிரிக்க இயலாது என்று எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதியதனாற் கட்டுரையின் மதிப்புக் குறைவதில்லை. அடுத்து வருவோர் எதனை அளக்க வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.

திருத்திய கட்டுரையோடு, ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே விடை எழுதிய தாளும் செல்லும். ஏற்றுத் திருத்தியதை இன்ன பக்கத்தில், இன்ன வரியில் திருத்தினேன் என்று காட்டுவர். மதிப்பீட்டாளர் கூறியது பொருந்தாது எனின், காரணம் காட்டிப் பணிவோடு மறுப்பர். மறுக்கும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு. வாளா விடும் உரிமை இல்லை. ஏலாது என்று திரும்பிய கட்டுரையும் வீணன்று. அங்குக் கூறப்பட்ட குறைகளைக் களைந்து வேறோர் இதழுக்கு விடுத்து வெற்றி கண்டோர் எண்ணற்றோர்.

ஏற்கப்பட்ட பின்னர் மெய்ப்பு வரும். எண்களையும் அலகுகளையும் பெயர்களையும் எழுத்தெண்ணிப் பார்க்கும் வேளை இது. தசமப்புள்ளி ஓரிடம் விலகினும் ஏரி கடலாகிவிடும். வெளியானதும் கட்டுரைக்கு நிலையான அடையாள எண்ணொன்று வழங்கப்படும். இணையத்தில் எவரும் அதனைக் கொண்டு கட்டுரையைக் கண்டடையலாம். அளவைகள் அனைத்தையும் பொதுச் சேமகம் ஒன்றில் வைத்து, வேண்டுவோர் எடுத்துக்கொள்ள விடுத்தலை இதழ்கள் பலவும் இன்று வற்புறுத்துகின்றன. வெளிவந்த பின்னரும் பிழை தெரியவரின், இதழுக்கு எழுதித் திருத்தம் வெளியிடுவர்.

இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. எவருடைய ஏரியை அளந்தனரோ, அவர்க்கு அவை எட்டுவதில்லை. ஆதலின் ஆய்வாளர் தாம் கண்டதை இரண்டு பக்க அளவில் எளிய தமிழில் எழுதி, பழவேற்காட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் அளித்து வருதல் நன்று. இதற்கு ஒரு மாலைப்பொழுதே செல்லும். அவ்விரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, முகத்துவாரம் அவ்வாண்டு அடைபட்டது பங்குனியில் அன்று, மாசியிலேயே என்று மீனவர் ஒருவர் திருத்துவாராயின், அவரும் மதிப்பீட்டாளரே. ஆய்வாளர் தம் நாட்குறிப்பைத் திறந்து அத்திங்களின் அளவைகளை மீண்டும் பார்ப்பார்.